ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன்

கவுன்ட்டரிலிருந்து 'கனெக்‌ஷன் போயிருச்சு' என்று குரல் வந்தால், உள்ளறைச் சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்வதுதான் முதல் வைத்தியம். பழனிசெட்டிபட்டி மொத்தக்கடையானாலும் தேனி மருந்துக்கடையானாலும் வழக்கம் இதுதான். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வரிசையில் ஆள் நிற்கும்போது கடைக்காரருக்கு வேண்டியது அடுத்த பில். கரண்ட் போய்த் திடீரென அணைந்த கணினிகள் விட்டுச்சென்ற செத்த இணைப்புகளையும் மறுதொடக்கம் ஒரேயடியாகத் துடைத்துவிடுகிறது. பில்களைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் என்றால், அது இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்புகளைத்தான். அவை நிரம்பினால் புதிதாக எந்தக் கவுன்ட்டரும் நுழைய முடியாது.

ஆனால் அதே வைத்தியம் தடயத்தையும் அழிக்கிறது. முறையாக மூடாமல் அறுந்த இணைப்புகளைச் சர்வர் எண்ணி வைக்கும். மறுதொடக்கத்தில் அந்த எண் பூஜ்யமாகிறது. எந்த இணைப்பு எத்தனை நொடி 'ஸ்லீப்' நிலையில், அதாவது வேலையின்றி, கிடந்தது என்ற பட்டியலும் போய்விடுகிறது. மற்ற கவுன்ட்டர்களில் பாதியில் நிற்கும் பதிவுகள் ரத்தாகின்றன.

காரணத்தைச் சொல்வது அறுந்த நேரமும் இடமும்தான். இரவு திறந்தபடி விட்ட கணினியில் காலையின் முதல் பில் மட்டும் தோற்றால், சும்மா கிடக்கும் இணைப்பைச் சர்வரே அறுக்கும் 'வெயிட் டைம்அவுட்'டைச் சந்தேகிக்க வேண்டும். அதன் இயல்பு அளவு 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம். சில நிமிடம் சும்மா இருந்தாலே அறுந்தால், இடையிலுள்ள ரௌட்டரோ ஃபயர்வாலோ காரணமாகலாம். ஒரு கவுன்ட்டர் மட்டும் அறுந்தால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள். எல்லாம் சேர்ந்து அறுந்தால், சர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள்.

டைம்அவுட்டைக் கூட்டுவது இன்னொரு வழக்கம். காலைத் தொல்லை தீரும். ஆனால் ரௌட்டர் அறுப்பதை அது தடுக்காது, தூங்கும் இணைப்புகளும் பெருகும். சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் 'கீப்அலைவ்', இயல்பாக 7,200 நொடிக்குப் பிறகே முதன்முறை தட்டிப் பார்க்கும். ரௌட்டர் பொறுக்கும் நேரத்துக்குக் கீழே அந்த அளவைக் குறைப்பதே பொருத்தம்.

மென்பொருளே தானாக மீண்டும் இணைவதிலும் ஆபத்துண்டு. பில் பதிவாகி, பதில் வருமுன் இணைப்பு அறுந்தால், கவுன்ட்டருக்கு அது பதிவானதே தெரியாது. மறுபடி அனுப்பினால் அதே சரக்கு இருமுறை கழியும். ஒவ்வொரு பில்லுக்கும் தனி எண் தந்து, அதே எண் மீண்டும் வந்தால் ஏற்காதபடி அமைப்பதே இதற்குக் காப்பு.

மறுதொடக்கம் முதலுதவியாக இருக்கட்டும். அதற்குமுன் நேரத்தையும் பிழை எண்ணையும் குறித்து, இணைப்புப் பட்டியலை ஒரு படம் எடுத்து வைப்பது கட்டாயம். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் கடை, அதே கோளாறுக்கு மாதாமாதம் விலை கொடுக்கிறது.