எமிலியா: புகழுரையில் விடுபட்ட கை

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலில், பசிபிக் மாகடலில் முதன்முதல் திமிங்கில வேட்டையைத் தொடங்கிய ஆங்கிலக் கப்பலைப் புகழும் பகுதி ஒன்றுண்டு. 'எமிலியா' என்னும் அக்கப்பலை அவர் 'அமெலியா' என்கிறார். அது சிறு பிழையே, பெருங்குறை வேறு.

இலண்டன் வணிகரான என்டர்பி குடும்பத்தார், ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் தலைமையில் 1788இல் அதனை அனுப்பினர். ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்ற கப்பல், 1790 மார்ச்சில் 139 டன் எண்ணெயுடன் மீண்டது. அதன் வெற்றியைக் கண்டு பிற கப்பல்களும் அவ்வழியே விரைந்தன.

மெல்வில் பெருமை முழுவதையும் முதலாளிகளுக்கே சூட்டுகிறார். ஆயின், 1789இல் சிலி நாட்டுக் கடலில் முதல் எறியீட்டியைப் பாய்ச்சியவர் கப்பலின் துணைத்தலைவர் ஆர்க்கெலஸ் ஹாமண்ட். அவரோ அமெரிக்காவின் நான்டக்கெட் தீவினர். அமெரிக்கா விடுதலை பெற்றபின், அயல்நாட்டுத் திமிங்கில எண்ணெய்க்கு பிரிட்டன் கடும்வரி விதித்தது. அதனால் பிழைப்பிழந்த நான்டக்கெட் கடலோடிகள் பலர் ஆங்கிலக் கப்பல்களை நாடினர்.

நாவல் வரலாறு அன்றே எனலாம். ஆனால், நான்டக்கெட் மக்களை வேறிடங்களில் வானளாவப் போற்றும் மெல்வில், இங்குத் தாமே வரலாறு உரைக்கப் புகுகிறார். முதலிட்டவர் பெயர் நிலைக்க, உழைத்தவர் பெயர் மறைகின்றது. அவ்வகையில், புகழ்பெற்ற அப்பகுதி பாதி உண்மையே.