ரஜூலாவின் டெக்

கப்பல் ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியும் 'நார்மண்டி' என்ற சொகுசுக் கப்பலில் போய் நிற்கும். லலீக்கின் கண்ணாடி விளக்குகள், ஒரே நேரத்தில் 700 பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 1935-ல் முதல் பயணம் போன அந்த 79,000 டன் கப்பலில் 2,000 பேருக்குக்கூட இடமில்லை. சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் மலாயா போய்வந்த, 8,500 டன்னை எட்டாத ரஜூலா கப்பலுக்கோ 5,000-க்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது.

தை ஐந்தாம் நாள் தீர்த்தவாரிக்கு அண்ணாமலையார் வந்திறங்கும் மணலூர்பேட்டைத் தென்பெண்ணை மணலில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. மணலூர்பேட்டைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் பழைய தென்னாற்காடும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். திருக்கோவிலூரில் ரயிலேறினால் சென்னைக்கும் போகலாம், நாகப்பட்டினத்துக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் ரஜூலா வரும்.

நாகையில் அது கரைக்கு வராது. தள்ளித்தான் நங்கூரம் போடும். படகில் போய் அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது புகைபோக்கி: கறுப்பு உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை. நார்மண்டியின் மூன்று புகைபோக்கிகளில் ஒன்று வெறும் ஒப்பனை. ரஜூலாவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, அது உண்மையாகவே புகைந்தது.

முதல் வகுப்பு அறைகளைப் பற்றி எழுதுபவர்கள் எழுதட்டும். ரஜூலா என்றால் டெக். தலைமாட்டில் தகரப்பெட்டி, அதை ஒட்டி விரித்த பாய், காலடியில் அடுத்த குடும்பத்தின் கூஜா. கப்பல் ஆட ஆரம்பித்ததும் எலுமிச்சை ஊறுகாய் கைமாறும். பினாங்கு போய்ச் சேர்வதற்குள் பாய்களுக்கு இடையே உறவுமுறை முளைத்துவிடும்.

கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனம் 1926-ல் கட்டிய கப்பல் இது. உடன்பிறப்பான ரோனாவை 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் வழிகாட்டு குண்டு மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். ரஜூலா போரையும் கடந்து பழைய தடத்துக்கே திரும்பியது.

பின்னால் வந்த 'சிதம்பரம்' கப்பலுக்கும் அபிமானிகள் உண்டு. இருமடங்கு பெரிய கப்பல். ஆனால் தென்னமெரிக்கத் தடத்துக்காக 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டியது, இரவல் சட்டை மாதிரி. 1985-ல் தீப்பிடித்ததோடு அதன் கதையும் முடிந்தது. 2023-ல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட செரியபாணி கப்பலில் 150 இருக்கைகள் இருந்தன. சீக்கிரம் போய்விட முடிந்தது, சரி. பாய் விரிக்க இடம் ஏது?

1973-ல் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறுவருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். மலாயா போய் வந்தவர்கள் வாயில் அந்தப் புதுப்பெயர் நுழையவே இல்லை.