பால்மரப் பலகைக் கட்டில்

ஏணையை விட்டு இறங்கும் பிள்ளைக்கு, வீட்டிலேயே செய்த தாழ்ந்த கட்டிலைவிடப் பொருத்தமான படுக்கை இல்லை. ஜொகூரில் பலகைக்கு அலைய வேண்டியதில்லை. மரச்சாமான்களுக்குப் பேர்போன மூவார் இங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 25 வயதில் பால் குறைந்து வெட்டப்படும் ரப்பர் மரம்தான் அங்கே முதன்மைச் சரக்கு. வெளிறிய வைக்கோல் நிறம் அதற்கு. உப்புத்தாள் பட்டதும் கரகரவென்று தொடங்கும் ஓசை, தாள் நைசாக நைசாக மெல்லிய உரசலாக அடங்குகிறது. கைதேர்ந்தவர் கண்ணை நம்புவதில்லை. பழைய நைலான் துணியை விளிம்போரம் இழுத்துப் பார்ப்பார். நூல் சிக்கினால் சிலாம்பு இருக்கிறது, மறுபடியும் தேய்ப்பு. மூலைகள் உருண்டு, நெற்றி இடித்தாலும் கிழிக்காத பதம் வரும்வரை அவர் கை ஓய்வதில்லை.

கடையில் வாங்கினால் வேலை மிச்சமே என்பார்கள். உண்மைதான், ஆனால் கடைக்கட்டில் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான அளவு. இதுவோ ஒரு பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே அளந்து அறுத்தது. பிள்ளை உருண்டு விழாதா? ஒரு சாண் உயரத்திலிருந்து பாயில்தானே விழும். இரவில் எழுந்து நடக்கும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். அதோடு, மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூடக் கூடாது. ஆனாலும் ஏணையில் பிறர் ஆட்டத் தூங்கிய பிள்ளை, இதில் தானே காலைத் தூக்கி வைத்து ஏறுகிறது. பலகை மருந்தேற்றி உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பச்சை ரப்பர் மரத்தை இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சையும் வண்டும் விட்டுவைக்காது.