பிரித்த கடிதமும் சேர்வர் பதிவும்

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" 2024இல் இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. அலுவலகச் சேர்வர்களைக் கண்காணிப்பது பற்றிப் பேச்சு வந்தாலும் அதே கேள்விதான் வருகிறது.

கண்காணிப்பே கூடாது என்பது என் வாதமல்ல. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து நிமிடத்துக்கு முப்பது தடவை கடவுச்சொல் பிழையாக விழுந்தால் கதவைச் சாத்தத்தான் வேண்டும். ஃபெயில்டுபேன் என்ற மென்பொருள் தவறிய முயற்சிகளை எண்ணி, அந்த முகவரியைக் கொஞ்ச நேரம் தடுத்து வைத்துப் பிறகு விட்டுவிடும். யார் யாருக்கு என்ன எழுதினார் என்பது அதற்குத் தேவையே இல்லை.

அந்த எல்லையில் மனிதர்கள் நிற்பதில்லை என்பதுதான் என் பழைய முறைப்பாடு. சந்தேகப்பட்டவரை மட்டும் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒருவரைப் பிடிக்க எல்லோருடைய பதிவும் மாதக்கணக்கில் சேர்கிறது. சேர்ந்ததைத் திறக்கும் சாவி ஒருவர் கையில் இருக்கிறது.

கடிதக் காலத்திலும் இதையே கண்டேன். நோட்டன் பிரிட்ஜில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு அப்போது தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். தபால் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி லயத்துக்கு வரும். கொழும்பில் வேலை செய்த அக்காவின் கடிதம் ஒன்று, வாய் பிரிந்து, ஓரத்தில் புதுப் பசை ஈரத்தோடு வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான். மறுநாள் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் அக்காவின் கலியாணப் பேச்சு எல்லோர் வாயிலும் இருந்தது. அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. அடுத்த கடிதத்தில் "எல்லோரும் சுகமா" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், அவசரம், சான்று அழியும் அபாயம், இரகசியம் காக்கும் தேவை என்றால் நீதவானின் ஆணை இல்லாமலே விசாரணையாளர் தகவலைப் பெற இடம் விட்டிருக்கிறது. அவசரமா இல்லையா என்று தீர்மானிப்பவர் அதைப் பெறுகிறவரே. அரசியலமைப்பிலும் அந்தரங்கம் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 14அ உறுப்புரையில் தகவல் உரிமைக்கான கட்டுப்பாடுகளில் ஒன்றாகத்தான் அது வருகிறது.

ஆகையால் நான் கேட்பது இதுதான்: பதிவைத் திறந்தவரின் பெயரும் நேரமும் காரணமும் பதிவாகட்டும், அவரால் அழிக்க முடியாத இடத்தில். திறந்தது என் பதிவென்றால், விசாரணை முடிந்ததும் எனக்குச் சொல்லட்டும். அக்காவின் கடிதத்தைப் பிரித்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.