எந்த வரிசையில் நிற்பது?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். நானும் ஒரு சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். போனவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு இரண்டு பக்கமும் சேராமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு திருநங்கைகள் நின்றார்கள். ஆண்கள் பக்கம் பார்த்தால் கேலிச் சிரிப்பு. பெண்கள் பக்கம் பார்த்தால் முணுமுணுப்பு. கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஈரச் சேலையோடு வந்த ஓர் ஆச்சி, "ஏட்டி, தண்ணிய வேடிக்கை பாக்கவா வந்தே? இங்கன வா!" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பெரியவளும் பின்னாலேயே போனாள். முணுமுணுத்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். முடிந்தது பிரச்னை!

இதே பிரச்னை நம் நாடாளுமன்றத்தில் இன்னும் முடியவில்லை.

"என்ன சார், குளிக்கிற இடத்தைப் போய் பார்லிமென்ட்டோடு ஒப்பிடுகிறீர்களே?" என்று கோபிக்காதீர்கள். அங்கேயும் இதே கேள்விதான்: இவர்கள் எந்த வரிசை?

மத்தியப் பிரதேசத்தில் கட்னி என்றொரு ஊர். அங்கே மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கமலா ஜான் என்ற திருநங்கை நின்றார், ஜெயித்தார். 'இவர் ஆண், பெண்களுக்கான பதவியில் உட்கார முடியாது' என்று தேர்தலையே ரத்து செய்தார்கள். உயர் நீதிமன்றமும் 2003-ல் அதை உறுதி செய்தது. ஊர் ஜனம் மேயராக ஏற்றுக்கொண்டவரை, சட்டம் வெளியே அனுப்பியது.

2014-ல் உச்ச நீதிமன்றம், 'தன் பாலினம் என்ன என்பதை அவரவரே சொல்லலாம்' என்று தீர்ப்பு சொன்னது. அதன் பலன் 2021-ல் தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் பெண்கள் வார்டில் ஒரு திருநங்கை போட்ட மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு நிற்க அனுமதித்தது. அவர் ஜெயித்தும் காட்டினார். சரி, பாடம் படித்துவிட்டோம் என்று நினைத்தால், 2023-ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அதில் திருநங்கைகள் பற்றி ஒரு வரி கிடையாது!

உள்ளே ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? சொல்கிறேன். திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. கல்வியிலும் வேலையிலும் திருநர்களுக்கு இட ஒதுக்கீடு கேட்ட மசோதா அது. மக்களவையில் அது கரை சேரவில்லை. 2019-ல் அரசு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. இந்தப் புதுச் சட்டத்தில், திருநங்கையைப் பாலியல் கொடுமை செய்தால் அதிகபட்சமே 2 ஆண்டு! பாதிக்கப்பட்ட ஒருத்தர் எழுந்து நின்று, "எங்க உடம்புன்னா அவ்வளவு மலிவா?" என்று கேட்டிருந்தால், ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்சமாவது தலைகுனிந்திருப்பார்கள். கேட்க ஆள் இல்லை.

"தேர்தலில் நின்று ஜெயித்து வர வேண்டியதுதானே?" என்பீர்கள். நான் பி.காம். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிவானவர்கள், குழந்தைகள் உட்பட, 4,87,803 பேர். 2024 வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினத்தவர் சுமார் 48 ஆயிரம் பேர். தென்காசி மக்களவைத் தொகுதியில் மட்டும் அப்போது வாக்காளர்கள் சுமார் 15 லட்சம். இந்தியாவில் இருக்கும் அத்தனை திருநர் ஓட்டையும் ரயிலேற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்தாலும் 3 சதவிகிதம். பதிவாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் டெபாசிட் மிஞ்சும்!

அதனால் அடுத்தவர்கள் ஓட்டுப் போட்டாக வேண்டும். போடுவார்களா? போட்டிருக்கிறார்களே! நியூசிலாந்தில் ஜார்ஜினா பேயர் முதலில் ஒரு சிற்றூருக்கு மேயர் ஆனார். 1999-ல் தொழிற்கட்சி சீட்டு கொடுத்தது, கிராமப்புறத் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். உலகத்தில் அவர்தான் முதல் ஆள். நம்மூரில் 2020-ல் திருச்செங்கோடு ஒன்றியத்தில் ரியா, 2022-ல் வேலூர் மாநகராட்சியில் கங்கா... இருவரும் தி.மு.க. சீட்டில் நின்று ஜெயித்தவர்கள். 2014-ல் மதுரையில் எம்.பி. தேர்தலில் நின்ற பாரதி கண்ணம்மா சுயேச்சை. தோற்றார். வித்தியாசம் புரிகிறதா? சீட்டுதான் சங்கதி. வார்டு வரைக்கும் தாராளமாக இருக்கும் பெரிய கட்சிகள், டெல்லி என்றதும் கையை மூடிக்கொள்கின்றன.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அது தனித்தொகுதி. 'ஒதுக்கினால்தான் உள்ளே விடுவார்கள்' என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

ஆங்கிலோ இந்தியர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் மக்களவையில் இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரி வரை இருந்தன. 2025-ல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளில் நியமிக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் போட்டது. வழி இல்லாமல் இல்லை.

அரசியல் சட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. மாநிலங்களவைக்கு கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவைக்காக 12 பேரை நியமிக்கலாம். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே... அந்தக் கலைக்குப் பதக்கம் உண்டு, நாற்காலி மட்டும் கிடையாதா?

நியமனம் ஓட்டுக்கு ஈடாகாதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தலைவர்களே, ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்தருவியில் ஒரு கை நீண்டதும் ஜனங்கள் நகர்ந்து இடம் விட்டதை நான் பார்த்தேன். அந்த ஆச்சி எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கவில்லை.