1962 ஆம் ஆண்டுச் சதி: நோக்கங்களும் விளைவுகளும்

இலங்கையில் 1962 ஜனவரி 27 ஆம் நாளிரவு நிறைவேறவிருந்த ஆட்சிக் கவிழ்ப்புச் சதி, சில மணி நேரத்துக்கு முன்னர் வெளிப்பட்டு முறியடிக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட தரைப்படை, கடற்படை, பொலிஸ் அதிகாரிகளை நேரிற் கண்டு உசாவி டொனால்ட் ஹொறோவிற்ஸ் எழுதிய நூல் 1980 இல் வெளிவந்தது. இராணுவச் சதிகளை ஒற்றைக் காரணங் கொண்டு விளக்கல் போதாது என்பதை அந்நூல் தக்க சான்றுகளுடன் நிறுவுகின்றது. எனினும் அதிகாரிகளின் நோக்கங்களை மையமாகக் கொள்ளும் ஆய்வுமுறை எவற்றைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகின்றது என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

குடியேற்ற ஆட்சியின் மரபிற் பயிற்சிபெற்ற இவ்வதிகாரிகளிற் பெரும்பாலோர் ஆங்கிலங் கற்ற கிறித்தவர். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் அவர்களுள் இருந்தனர். 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றம் அவர்தம் செல்வாக்கைக் குலைத்தது. 1959 இல் மூத்த அதிகாரிகளை விடுத்துச் சேவைக்கு வெளியிலிருந்து ஒருவரைப் பொலிஸ் மா அதிபராக நியமித்தமை அம்மனக்குறையை வளர்த்தது. அதே 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்தே 1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்ரல் 17 இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, படையினரைக் கொண்டு அது அடக்கப்பட்டது. ஆட்சியாளர்மீது எழுந்த இவ்விரு குறைகளையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. ஒன்று ஒரு சிறு வர்க்கம் இழந்த சலுகை பற்றியது. மற்றையது ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியுரிமை பற்றியது. சதியிலே தமிழர் சிலர் இருந்தமை இவ்வேறுபாட்டை மாற்றிவிடாது.

ஆயின் சதிக்கு அரசு கண்ட பரிகாரங்களின் சுமை அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. முதலாவது, படைகளைச் சிங்கள பௌத்தமயமாக்கல். ஆட்சியாளரின் அச்சத்தைக்கூட இது போக்கவில்லை. 1961 இல் யாழ்ப்பாணத்திலே படைகளுக்குப் பொறுப்பாயிருந்த சிங்கள பௌத்தரான றிச்சர்ட் உடுகம 1964 இல் தரைப்படைத் தளபதியானார். 1966 இல் மற்றொரு சதிக் குற்றச்சாட்டிற் கைதாகிப் பின்னர் விடுதலை பெற்றார்.

இரண்டாவது, குற்றவியற் சட்டச் சிறப்பேற்பாடுகள் பற்றிய 1962 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம். அது நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கித் தண்டனை வகுத்தது. காவலிற் பெறப்பட்ட வாக்குமூலங்களையும் சான்றாக்கியது. அச்சட்டத்தின்கீழ் 11 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கோமறைக் கழகம் 1965 டிசம்பரில் நீக்கிற்று. நீதித்துறைக்குரிய அதிகாரத்திலே சட்டமன்றம் தலையிட்டது என்பது அதன் முடிவு. அக்கழகத்துக்கு மேன்முறையிடும் வழி 1971 இல் அடைக்கப்பட்டது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் காவலிற் பெற்ற வாக்குமூலங்களை மீண்டும் சான்றாக்கியபோது, யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அவ்வழி இருக்கவில்லை.

சதிகாரர் ஏன் கிளர்ந்தனர் என்பது பயனுள்ள வினாவே. அவர்களை அடக்குதற்கு வகுக்கப்பட்ட முறைகள் பின்னர் எவர்மீது ஏவப்பட்டன என்பதையும் உடன் கேட்கும்போதே 1962 பற்றிய ஆய்வு நிறைவுறும் என்பது எமது கருத்து.