படத்தில் இல்லாத தாய்

வாசகர்களே, மனித வளர்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது ஒரு வண்ணப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். மெல்லிய பனிக்குடத்துக்குள் 18 வாரச் சிசு ஒன்று கண்மூடி மிதக்கிறது. சுற்றிலும் கருமை. ஸ்வீடன் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லென்னார்ட் நில்சன் எடுத்த படம் இது. அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் 1965 ஏப்ரல் 30இல் இதை அட்டையில் வெளியிட்டது.

இப்படத்தின் சிறப்பை யாரும் மறுக்க முடியாது. கோட்டுப்படத்தில் உயிரற்றுத் தெரிந்த விரல்களையும் காதுமடலையும் இது கண்முன் நிறுத்தியது. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, பார்ப்பவர்கள் இதைக் கருப்பைக்குள் எடுத்த படம் என்றே நம்புகிறார்கள். அது தவறு. அறுவை செய்து வெளியே எடுக்கப்பட்ட சிசு இது, அது பிழைக்கவில்லை. இச்செய்தியை அந்த இதழே உள்ளே அச்சிட்டிருந்தது. படம் உலகெங்கும் பரவியது, செய்தி பின்தங்கிவிட்டது.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. படத்தின் வலது ஓரத்தில் நஞ்சுக்கொடி தெரிகிறது. ஆனால் அது ஒட்டியிருந்த கருப்பைச் சுவர் எங்கே? தாய் எங்கே? விண்வெளி வீரரைப் போலச் சிசு தனித்து வாழ்வதாக ஒரு மயக்கம் உண்டாகிறது.

உண்மை என்ன? கருவுற்ற சுமார் 6 நாட்களில் கரு, கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. பின்னர் உருவாகும் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலப்பதில்லை; மெல்லிய சவ்வு இடையே நிற்கிறது. அதைக் கடந்தே ஆக்சிஜனும் குளுக்கோசும் சேயை அடைகின்றன; கழிவுகள் தாயிடம் திரும்புகின்றன.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல், கருவுற்ற 28ஆம் நாள் வாக்கில் மூடிக்கொள்கிறது. அந்நாளில் தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியார். தாயின் உடலில் ஃபோலிக் அமிலம் குறைந்தால் குழல் சரியாக மூடாமற்போகும் வாய்ப்பு அதிகம். எனவேதான் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். தாயை மறைத்த படம் இந்தப் பாடத்தையும் மறைத்துவிடுகிறது.

மாணவர்களே, அடுத்த முறை குறிப்பேட்டில் சிசுவை வரையும்போது பனிக்குடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கருப்பைச் சுவரையும், அதிலுள்ள தாயின் இரத்தக் குழாய்களையும் சேர்த்து வரையுங்கள். அப்போதுதான் படம் முழுமையாகும்.